"உள்ளது உள்ளபடி"ன்னு எழுதிட்டா போதுமா? பழைய மோவர் விக்கிறவரோட கேள்வி

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். 20 வருஷத்துக்கு மேல புல்தரை, தோட்டம் பராமரிக்கிற தொழில் பண்றேன். இடுப்பு வலி தாங்க முடியல. தொழிலை முழுசா மூடல, பழைய கஸ்டமர் ஒரு பத்து பேரை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை விட்றலாம்னு முடிவு பண்ணிட்டேன். கமர்ஷியல் மோவர் (உக்காந்து ஓட்டி புல்லு வெட்டுற மெஷின்) அஞ்சு இருக்கு, ஒண்ணை வச்சுக்கிட்டு நாலை விக்கணும். ஒண்ணுல அவர் மீட்டர் (மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுறது) நடுவுல போயி புதுசு மாத்தினது, இப்ப 640 காட்டுது, பழசு நின்னப்போ 1900 தாண்டியிருந்துச்சு. இன்னொண்ணுல ஹைட்ரோ (ஆயில் அழுத்தத்துல சக்கரத்தை ஓட்டுற பாகம்) சூடானா மேட்டுல இழுக்காது, காலைல ஸ்டார்ட் பண்ணி பாத்தா ஒண்ணும் தெரியாது. மூணாவதுக்கு லோன் மூணு தவணை பாக்கி, அதுக்கு ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு, அடுத்த மாசம் மீதிக்கு செக்கோட வந்து எடுத்துக்கிறேன்னாரு, அதுவரைக்கும் நான் ஓட்டிக்கலாமா? நாலாவதை என்கிட்ட வேலை பாத்த பையன் தவணைல கேக்குறான். பில்லுல "உள்ளது உள்ளபடி"ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டா பின்னாடி யாரும் கேள்வி கேக்க முடியாதுன்னு நண்பர் ஒருத்தர் சொல்றாரு. சரிதானா?

பதில்:

வணக்கம்ண்ணே. நண்பர் சொன்னதுல பாதிதான் சரி. "உள்ளது உள்ளபடி"ங்கிற வார்த்தை உங்களுக்குத் தெரியாத குறைக்கு ஓரளவு குடை பிடிக்கும், உங்களுக்குத் தெரிஞ்ச குறைய மறைக்கிறதுக்கு அது உதவாது. இதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைப் படிங்க, ஏன்னா உங்க நாலு மெஷின்ல ரெண்டுல என்ன குறைன்னு நீங்களே எனக்கு எழுதி அனுப்பியிருக்கீங்க, தெரியாதுன்னு நாளைக்கு சொல்ல முடியாது.

எந்த நாட்டுல இருந்து எழுதுறீங்கன்னு சொல்லல. பரவால்ல, ஏன்னா இந்தியாவோட 1930 சரக்கு விற்பனைச் சட்டம், இலங்கையோட 1896 சட்டம், மலேசியாவோட 1957 சட்டம் எல்லாமே இங்கிலாந்தோட 1893 சட்டத்தைப் பாத்து எழுதினதுதான், அமெரிக்காவுல தனியா ஒரு யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு இருக்கு, அதுக்கும் வேர் அதேதான். அடிப்படை ஒண்ணா இருக்கும், எங்க மாறுதோ அங்க சொல்றேன்.

முதல்ல மீட்டர். 640ன்னு காட்டுறது பொய் இல்ல, மீட்டர் உண்மையிலயே 640 மணி நேரம்தான் ஓடியிருக்கு. ஆனா வாங்க வர்றவர் மீட்டரைப் பாக்கல, மெஷினைப் பாக்குறாரு. மெஷின் ஓடினது 2540க்கும் மேல. நீங்க வாயைத் திறக்காம நின்னாலும் அந்தக் குட்டி டிஸ்ப்ளே உங்களுக்காகப் பேசிக்கிட்டே இருக்கு, அது பேசுறது பாதி உண்மை, பாதி உண்மைய கோர்ட்டு முழுப் பொய்யாத்தான் எடுத்துக்கும். அதனால விளம்பரத்துலயே போடுங்க, பில்லுலயும் போடுங்க: "அவர் மீட்டர் மாற்றப்பட்டது. பழைய மீட்டர் நின்றபோது 1900 மணி நேரத்துக்கு மேல். இப்போதைய மீட்டர் 640. மொத்தம் 2540 மணி நேரத்துக்குக் குறையாது." அவ்வளவுதான். இதனால விலை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும்ண்ணே. இப்ப இறங்குற விலை ஒரு தடவைதான் வலிக்கும், கேஸ் அப்படி இல்ல.

ஹைட்ரோ விஷயம் இன்னும் நுணுக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 17-வது பிரிவு, அதுல ஒரு குதிரைக் கதை உதாரணமா இருக்கு, சட்டம் படிக்கிறப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒருத்தன் நோஞ்சான் குதிரைய ஏலத்துல விக்கிறான், குறை தெரியும், ஆனா ஒண்ணும் சொல்லல. இது மோசடி இல்லன்னு சட்டம் சொல்லுது. அடுத்த உதாரணத்துல வாங்குறது அவனோட மகள், அப்பதான் மேஜர் ஆன பொண்ணு. அந்த உறவே அவனை சொல்ல வைக்குதுன்னு சட்டம் சொல்லுது. அதுக்கு அடுத்ததுல வாங்குறவன், "நீ இல்லன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்கிறேன்"ன்னு சொல்றான், விக்கிறவன் பேசாம நிக்கிறான். இங்க அந்த மௌனமே பேச்சுக்கு சமம்.

இப்ப உங்க கொட்டகைய நெனச்சுப் பாருங்க. வர்றவர் மெஷினை சுத்தி வருவாரு, பிளேடு இருக்கிற டெக்குக்கு அடியில குனிஞ்சு பாப்பாரு, பிளேடு சுத்துற ஸ்பிண்டில ஆட்டிப் பாப்பாரு, கடைசில நிமிந்து "வேற ஒண்ணும் பிரச்சனை இல்லைல்ல?"ன்னு கேப்பாரு. கண்டிப்பா கேப்பாரு, கேக்காம யாரும் வாங்குறதில்ல. அந்த நொடிலயே நீங்க மூணாவது குதிரைக்காரன் ஆயிட்டீங்க. தலைய ஆட்டினாலும் பொய், சும்மா நின்னாலும் பொய். சில பேரு என்ன பண்ணுவாங்கன்னா ஆள் வர்றதுக்கு முன்னாடி மெஷினை ஆற வச்சு, காலைல மட்டும் வரச் சொல்லி, சமதரைல ரெண்டு ரவுண்டு ஓட்டிக் காட்டி அனுப்பிருவாங்க. அது மௌனம் கூட இல்ல, மறைக்கிறதுக்குன்னு ஒரு வேலை செஞ்சது, அதுக்கு எந்த நாட்டுச் சட்டத்துலயும் இரக்கம் கிடையாது, "உள்ளது உள்ளபடி"ன்னு பத்து இடத்துல கையெழுத்து வாங்கியிருந்தாலும் சரி. நீங்க அந்த ஆள் இல்லன்னு உங்க கடிதத்தைப் படிச்சாலே தெரியுது. அரை மணி நேரம் சூடேத்தி, அவரையே மேட்டுல ஓட்ட விடுங்க, "சூடான பிறகு ஏற்றத்தில் இழுவை குறையும், வாங்குபவர் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்"ன்னு எழுதி அவரை கையெழுத்து போடச் சொல்லுங்க. அப்புறம் அந்தக் குறைக்காக அவர் உங்க மேல வர்றது ரொம்ப கஷ்டம்.

நீங்க எழுதாத ஒண்ணை நானே கேக்குறேன். நாலு மெஷின்லயும் சீட்டைத் தூக்கிப் பாருங்க. அடியில சீட் ஸ்விட்சுக்குப் போற பிளக்கைக் கழட்டி, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு துண்டு ஒயரை சொருகி வச்சிருக்கா? பிளேடு ஓடிக்கிட்டு இருக்கிறப்போ ஆள் எந்திரிச்சா மெஷின் நின்னு போறதுக்குத்தான் அந்த ஸ்விட்ச். அடிக்கடி இறங்கி ஏறுற வேலைல அது தொல்லைன்னு பசங்க பைபாஸ் பண்ணிருவாங்க, முதலாளிக்கே தெரியாம நடக்கும். ஒரு கேஸ் ஃபைல்ல அந்த ஒயரோட ஃபோட்டோவ பாத்திருக்கேன், விரல் நீளம் கூட இல்ல, பழைய இன்சுலேஷன் டேப் சுத்தி இருந்துச்சு, அதுக்கு அடுத்த பக்கம் ஒரு மனுஷனோட காலோட ஃபோட்டோ. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு மனசு வரல. இதுக்கு மட்டும் எழுதிக் குடுத்தா போதும்னு நான் சொல்லமாட்டேன், சரி பண்ணித்தான் விக்கணும். ஏன்னா அடிபடப் போறது உங்ககிட்ட கையெழுத்து போட்டவரா இருக்கணும்னு இல்ல, அவர்கிட்ட நாளைக்கு வேலைக்கு சேர்ற ஒரு பையனா இருக்கலாம், அவனுக்கும் உங்க பில்லுக்கும் சம்பந்தமே கிடையாது, கவனக்குறைவுன்னு உங்க மேல நேரா கேஸ் போட அவனுக்கு வழி இருக்கு. அதே மாதிரி டிஸ்சார்ஜ் ஷூட்டு (வெட்டின புல்லு வெளிய வர்ற வாய்), பெல்ட் கவர், ரோல் பார் (மெஷின் கவுந்தா ஆளைக் காக்குற கம்பி) எதையாவது கழட்டி ஓரமா போட்டிருந்தா தேடிப் பிடிச்சு மாட்டுங்க, ஆப்பரேட்டர் மேனுவல் இருந்தா கூடவே குடுங்க, குடுத்தேன்னு பில்லுல ஒரு வரி.

மறைக்க ஒண்ணும் இல்ல, குறை எதுவும் தெரியாமலே வித்தேன், அப்புறம் இன்ஜின் போயிருச்சு, அப்ப என்ன? இங்கதான் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியச் சட்டத்துல தரத்துக்கு தானா வர்ற பொறுப்பு அந்த வகைப் பொருளை விக்கிற வியாபாரிக்குத்தான், புல்லு வெட்டுற நீங்க மோவர் வியாபாரி இல்லன்னு வாதாடலாம். அமெரிக்காவுலயும் கிட்டத்தட்ட அதே. இங்கிலாந்துல அப்படி இல்ல. 1998-ல அங்க அப்பீல் கோர்ட்டுல ஸ்டீவன்சன் எதிர் ரோஜர்ஸ்னு ஒரு தீர்ப்பு, ஒரு மீனவர் தன்னோட மீன்பிடி படகை வித்தாரு, படகு விக்கிறது என் தொழில் இல்ல, மீன் பிடிக்கிறதுதான் தொழில்னு அவர் தரப்புல சொன்னாங்க. கோர்ட்டு ஏத்துக்கல, தொழிலுக்கு வச்சிருந்த படகை வித்தா அதுவும் தொழில் வழி விற்பனைதான்னு சொல்லிருச்சு. படகுங்கிற இடத்துல மோவரைப் போட்டுப் பாருங்க, அப்படியே உங்க கதை. அங்க தொழில்ல இருக்கிறவர் வீட்டு உபயோகத்துக்கு வாங்குறவருக்கு வித்தா 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி "உள்ளது உள்ளபடி" வாசகம் தரப் பொறுப்பைத் தள்ளிவிடவே முடியாது. அதனால முடிஞ்சா இதே தொழில்ல இருக்கிறவங்களுக்கே வித்துருங்க, அவங்களுக்கு பாக்கவும் தெரியும், விலையும் புரியும்.

இப்ப அட்வான்ஸ் வாங்கின மெஷின். இதுலதான் உங்களுக்கு அவசரம். மூணு தவணை பாக்கி இருக்குன்னா, கடன் பேப்பர் எப்படி எழுதியிருக்குங்கிறதைப் பொறுத்து அந்த மெஷினே இன்னும் முழுசா உங்களுது இல்லாம இருக்கலாம், தன்கிட்ட இல்லாததை யாரும் அடுத்தவருக்குக் குடுக்க முடியாது. கடன் குடுத்தவரைக் கேக்காம வித்தா சில இடங்கள்ல கிரிமினல் புகாராவும் போயிரும். நாளைக்கே போயி பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க, கட்டி முடிங்க, பாக்கி இல்லன்னு கடிதம் வாங்குங்க, எங்கயாவது அடமானப் பதிவு இருந்தா அதை நீக்கச் சொல்லுங்க. தொழில் லோன் வேற ஏதாவது வாங்கியிருந்தா அந்தப் பேப்பரையும் எடுத்துப் பாருங்க, மொத்த தளவாடத்தையும் சேத்து அடமானமா எழுதியிருப்பாங்க, மத்த மூணு மெஷினும் அதுக்குள்ள மாட்டியிருக்கலாம்.

அதுவரைக்கும் ஓட்டலாமான்னு கேட்டீங்க. ஓட்டாதீங்க. பெரும்பாலான பேருக்கு இது தெரியாது, காசு முழுசா குடுத்து எடுத்துட்டுப் போனாத்தான் பொருளோட உரிமை மாறும்னு நெனப்பாங்க. குறிப்பிட்ட ஒரு பொருளை, அப்படியே குடுக்கத் தயாரா இருக்கிற நிலைல, நிபந்தனை இல்லாம விக்கிறதா பேசி முடிச்சா, பேசி முடிச்ச அந்த நிமிஷமே உரிமை வாங்குறவருக்குப் போயிரும்னு 1930 சட்டம் 20-வது பிரிவு சொல்லுது, காசும் டெலிவரியும் தள்ளிப் போனாலும் சரி. வேற மாதிரி பேசியிருந்தா மட்டும்தான் மாறும். அமெரிக்காவுல இப்படி இல்ல, ஒப்படைக்கிறதைப் பொறுத்துதான். எப்படியோ, இது உங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி. கடன் பாக்கியோட உரிமைய மாத்திக் குடுக்கிறதா வாக்குக் குடுத்த மாதிரி ஆச்சு, அதுக்கு நடுவுல அவர் பாத்துட்டுப் போன மீட்டர்ல அம்பது மணி நேரம் ஏத்தி வச்சா சண்டைக்கு நீங்களே காரணம் குடுத்த மாதிரியும் ஆச்சு. அவரைக் கூப்பிட்டு கடன் விஷயத்தை மறைக்காம சொல்லுங்க, "கடன் தீர்ந்து, முழுப் பணமும் வந்து, வண்டியை ஒப்படைக்கும் வரை உரிமையும் பொறுப்பும் விற்பவரிடமே இருக்கும்"னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அட்வான்ஸ் எந்த நிலைமைல திரும்பக் குடுக்கணும்ங்கிறதையும் அதுலயே எழுதுங்க.

செக் வேண்டாம். 1971-ல இங்கிலாந்துல லூயிஸ் எதிர் அவெரேன்னு ஒரு கேஸ், ஒரு மாணவர் தன் காரை விக்கிறாரு, வாங்க வந்தவன் தன்னை ஒரு பிரபல நடிகர்னு சொல்லி ஸ்டூடியோ பாஸ் எல்லாம் காட்டுறான், செக் குடுத்துட்டு காரை ஓட்டிட்டுப் போயிட்டான். செக் திரும்பிருச்சு. அதுக்குள்ள காரை இன்னொரு அப்பாவிகிட்ட வித்துட்டான். கார் அந்த அப்பாவிக்குத்தான்னு கோர்ட்டு சொல்லிருச்சு, மாணவருக்கு காரும் இல்ல காசும் இல்ல. உங்களுக்கு வந்தவர் நல்லவராவே இருக்கலாம், அதனால பணம் உங்க கணக்குக்கு நேரா வரட்டும், வந்துருச்சுன்னு பேங்க்ல உறுதி பண்ணிட்டு சாவியைக் குடுங்க. பொருள் உங்க கைல இருக்கிற வரைக்கும் பணம் வராம விடமாட்டேன்னு பிடிச்சு வைக்க உங்களுக்கு உரிமை இருக்கு, வாசலைத் தாண்டிட்டா அந்த உரிமை போச்சு. விலைக்கு மேல தொகை போட்டு செக் குடுத்து "மிச்சத்தை லாரிக்காரருக்கு அனுப்பிருங்க"ன்னு யாராவது சொன்னா அது மோசடி, அங்கயே நிறுத்திருங்க.

உங்ககிட்ட வேலை பாத்த பையனுக்கு தவணைல குடுக்கிறதை நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு படிக்கிறப்போ. ஆனா நம்பிக்கை இருக்கிற இடத்துலதான் எழுத்து அதிகமா வேணும். கடைசித் தவணை வரைக்கும் உரிமை உங்களுதுன்னு எழுதுங்க, தேதி, தொகை, ரெண்டு தவணை தவறினா என்ன, ரிப்பேர் யார் செலவு, இன்சூரன்ஸ் யார் பேர்லன்னு எழுதுங்க. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி இடங்கள்ல இப்படி உரிமைய வச்சுக்கிறதை அரசாங்கப் பதிவேட்டுல ஏத்தணும், ஏத்தலைன்னா அவன் வேற யார்கிட்டயாவது கடன்பட்டு நொடிஞ்சா உங்க மெஷின் கடன்காரங்களுக்குப் போயிரும். இன்னொண்ணு, ரெண்டாவது குதிரைக் கதைல வந்த மகள் மாதிரிதான் இவனும், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கண்ணை மூடிட்டு வாங்குவான். மத்தவங்களுக்கு சொல்றதை விட இவனுக்கு ஒரு படி அதிகமா சொல்லுங்க.

வரி சுருக்கமா: தேய்மானம் கழிச்ச மெஷினை வித்தா வர்ற தொகைக்கு வருமானக் கணக்குல வேலை இருக்கும், தொழில் சொத்து விற்பனைக்கு விற்பனை வரியும் வரலாம், ஆடிட்டரை விக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. மெஷின் கம்பெனி பேர்ல இருந்தா பில்லும் கம்பெனி பேர்லயே போகணும். இன்சூரன்ஸை கடைசி மெஷின் போற நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க, ஓட்டிப் பாக்க வர்றவர் உங்க இடத்துல விழுந்தாலும் பொறுப்பு உங்க தலைலதான்.

கடன் பேப்பரையும் அட்வான்ஸுக்கு நீங்க எழுதிக் குடுத்த ரசீதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே, அந்த ரசீதுல என்ன வார்த்தை போட்டிருக்கீங்கன்னு பாத்துட்டுத்தான் அவர்கிட்ட என்ன பேசணும்னு சொல்ல முடியும். அதுக்கு முன்னாடி சீட்டைத் தூக்கிப் பாத்துருங்க.