மணிக்கட்டுப் பிறை எலும்பு: சத்திரசிகிச்சைக்குப் பிறகு கை எப்படி இருக்கும்?

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கீன்பொக் நோய் பற்றியவை. மணிக்கட்டின் நடுவில் பிறை வடிவில் இருக்கும் லூனேட் எலும்பு இரத்தோட்டம் குறைந்து செத்துப்போகும் நோய் அது. 1910இல் இதை விவரித்த வியன்னாக் கதிரியக்க மருத்துவரின் பெயர்தான் கீன்பொக்.

வயது 29, மேசன் வேலை. எக்ஸ்ரேயில் லூனேட் வெளுத்திருக்கு, இன்னும் நொறுங்கவில்லையாம். ஆனால் பக்கத்து நல்ல எலும்பை வெட்ட வேண்டுமாம். நோ ஓரிடம், வெட்டு வேறிடமா? (சாவகச்சேரி)

நியாயமான சந்தேகம். உங்களுக்குப் பெருவிரல் பக்கத்து ஆரை எலும்பு, சின்னவிரல் பக்கத்து எலும்பைவிடக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் சீமெந்துச் சட்டி தூக்கும்போதெல்லாம் பாரம் லூனேட்டின் தலையில் இறங்கும். ஆரையில் 2, 3 மில்லிமீற்றர் குறைத்து பிளேட் போட்டால் பாரம் பகிர்ந்துபோகும். நொறுங்க முன் செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோ நன்றாகக் குறைகிறது, பிடியும் பலப்படுகிறது. மடக்கி நிமிர்த்துவதில் அவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நோவே இல்லாமல் போகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எலும்பு பொருந்த 2, 3 மாதம் செல்லும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் இழுபடும். அதை இப்போதே விடுங்கள்.

ஒப்பரேஷன் செய்து 2 வருடம். நோ இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முந்திப்போலவே வெள்ளை. திரும்பச் செய்ய வேணுமா? (பருத்தித்துறை)

வேண்டாம். படம் மாறாமலே கை சுகமாவது இந்த நோயில் சாதாரணம். நோ திரும்பினால் மட்டும் வந்து காட்டுங்கள்.

வயது 47, கடற்தொழில். எலும்பு நொறுங்கி, மூட்டும் தேய்ந்துவிட்டது. ஒரு வைத்தியர் மூன்று எலும்பை எடுக்கலாம் என்கிறார், மற்றவர் மணிக்கட்டையே பூட்டலாம் என்கிறார். (குருநகர்)

இரண்டு பேரும் பிழை சொல்லவில்லை. லூனேட்டையும் அதன் இருபக்க எலும்புகளையும் எடுத்தால் கை அசையும்; மற்றக் கையோடு ஒப்பிட்டால் அசைவு பாதிக்குக் கொஞ்சம் மேல், பிடி முக்கால்வாசி மிஞ்சும் என்று பொதுவாகக் கணக்கு வைக்கலாம். ஆனால் நடுவிலுள்ள கப்பிடேட் எலும்பின் குருத்தெலும்பு நன்றாக இருக்க வேண்டும். அது சில வேளை மூட்டைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியவரும். பூட்டினால், அதாவது எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்தால், மணிக்கட்டு மடங்காது. ஆனால் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பலாம், விரல்கள் வேலை செய்யும், நோவும் பெரும்பாலும் அடங்கிவிடும். நாளாந்தம் ஈர வலை இழுக்கும் கைக்கு நான் பூட்டும் பக்கம்தான் சாய்வேன். மேசைக்கு முன்னால் இருந்து வேலை செய்பவர் இதையே கேட்டிருந்தால் பதில் வேறு. கழுவிக்கொள்வது கொஞ்சம் சிரமம், அதையும் யோசியுங்கள். முடிவெடுக்க முன், வீட்டில் இரண்டு கிழமை கட்டையான மணிக்கட்டுப் பட்டி போட்டு வேலை செய்து பாருங்கள். பூட்டிய கை எப்படி இருக்கும் என்று அதுவே காட்டிவிடும்.

மகளுக்கு 13 வயது, வலைப்பந்து விளையாடுகிறாள். அவளுக்கும் இதே நோய். பிளாஸ்டர் மட்டும் போட்டார்கள். அலட்சியமா? முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டவா? (அச்சுவேலி)

அலட்சியம் இல்லை. வளரும் வயதில் லூனேட் திரும்ப உயிர் பிடிக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். பல பிள்ளைகளுக்குக் கையை அசையாமல் வைத்தாலே போதும், கத்தி தேவைப்படாது. புக்கை கட்டுவதென்றால் பிளாஸ்டரை வெட்ட வேண்டிவரும், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பந்தை வைத்தியர் சொல்லும்வரை பூட்டி வையுங்கள். அவள் கோபித்தாலும் பரவாயில்லை.