ஸ்டிர்-எல்-காப்பியை மாற்றிய பிறகு நீளச் சோதனை வேலை செய்யவில்லையா?

வணக்கம் நண்பரே. லினக்ஸ் 6.8 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உங்கள் டிரைவர் கம்பைல் ஆகாததால், சரத்தை, அதாவது எழுத்துகளின் வரிசையை, நகலெடுக்கும் ஸ்டிர்-எல்-காப்பி (strlcpy) ஃபங்ஷன் இருந்த இடமெல்லாம் ஸ்டிர்-எஸ்-காப்பி (strscpy) என்று மாற்றியிருக்கிறீர்கள். இப்போது நீளமான பெயர் வந்தாலும் பிழை காட்டவில்லை என்கிறீர்கள். சிக்கல் ரிட்டர்ன் மதிப்பில்தான்.

பழைய ஃபங்ஷன் மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அதற்காக மூலத்தைக் கடைசிவரை படிக்கும். சரம் முடிந்ததைக் காட்டும் பூஜ்ய பைட் இல்லாவிட்டால் அடுத்தவர் நினைவகத்துக்குள்ளும் போய்விடும். 6.8-இல் அதை நீக்கியது நல்ல காரியம். புதியது, சரம் இடத்துக்குள் அடங்காவிட்டால் எதிர்ம எண்ணைத் தரும். உங்கள் பஃபரின் (நகல் போய்ச் சேரும் இடம்) அளவு இன்ட் (குறியுள்ள முழு எண்) மாறியில் இருப்பதால், 'ரிட்டர்ன் மதிப்பு அளவைவிடப் பெரிதா' என்ற சோதனை ஒருபோதும் உண்மையாகாது. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் ஒட்டியிருக்கும் கோடில் இன்னொரு இடம் எனக்குப் பயமாக இருக்கிறது. ரிட்டர்ன் மதிப்பை நேராக ஆஃப்செட்டோடு (பஃபரில் அடுத்து எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் எண்) கூட்டுகிறீர்கள். சரம் வெட்டுப்பட்டால் ஆஃப்செட் பின்னோக்கிப் போகும், அடுத்து எழுதுவது பஃபருக்கு வெளியேகூட விழலாம். இதை முதலில் சரிசெய்யுங்கள்.

அந்தச் சரம் இருக்கும் ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) யூசர் ஸ்பேஸுக்கு, அதாவது கெர்னலுக்கு வெளியே உள்ள சாதாரண நிரல்களுக்கு, போகிறது என்றால், மீதி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் 'பேட்' வகையை (strscpy_pad) பயன்படுத்துங்கள்.