எதற்கெடுத்தாலும் பதறுகிற குணம்தான் மனச்சோர்வுக்குக் காரணமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே நான் எதற்கும் பதறுகிற ஆள். இப்போது டாக்டர் மனச்சோர்வு என்கிறார். என் குணத்தால் வந்ததா, அப்படியென்றால் மாறவே மாறாதா?

தொடர்பு இருக்கிறது. உளவியலில் ஆளுமையை ஐந்து பெரிய குணக்கூறுகளாகப் பார்ப்பார்கள். அதில் நியூரோட்டிசிசம், அதாவது சின்ன விஷயத்துக்கும் கலங்கி, கலங்கியது அடங்க நேரமெடுக்கிற தன்மைதான் மனச்சோர்வோடு அதிகம் ஒட்டி வருகிறது. இரண்டுக்கும் பரம்பரைக் கூறுகள் ஓரளவு பொது என்று இரட்டையர் ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. (அதிகம் பேசாதவர்களுக்குத்தான் மனச்சோர்வு வரும் என்று ஊரில் சந்தேகப்படுவார்கள், அந்தக் குணத்தின் பங்கு இதைவிடக் குறைவு.) ஆனால் வாய்ப்பு கூடுதல் என்பது வேறு, வந்தே தீரும் என்பது வேறு.

சரி, குணம் எது, நோய் எது? எங்கள் பெரியம்மா தேவகோட்டையில் பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு பங்கு வீட்டில் இருக்கிறார். ராத்திரி சாவிக்கொத்தோடு வளவு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு அறைப் பூட்டையும் இழுத்துப் பார்ப்பார், படுத்தபிறகு எழுந்து வந்து மறுபடியும் இழுப்பார். பெரியப்பா தவறிய பிறகு, ஒரு கட்டத்தில் சாவிக்கொத்து எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. ஆசையாகச் சாப்பிடுகிற கவுனி அரிசியை ஒரு வாய் போட்டுவிட்டுத் தள்ளிவிடுவார், விடியுமுன்பே விழித்து முகப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார். "ஆச்சி இப்பத்தான் கவலையை விட்டிருக்காக" என்றார்கள் வீட்டில்! எனக்கு அந்தப் பேச்சில் இன்னமும் கோபம். பூட்டை இழுத்தது அவர் குணம், கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டதுதான் நோய். சிகிச்சையில் தேறி அவர் மறுபடி பூட்டை இழுக்க ஆரம்பித்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம், இப்போது இணையத்தில் ஆளுமைத் தேர்வு எதையும் எழுதாதீர்கள். சோர்வில் எழுதினால் பதற்ற மதிப்பெண் ஏறித்தான் காட்டும், தேறினால் பெரும்பாலும் இறங்கும். குணமும் கல்லில் வெட்டியதல்ல: 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிகிச்சை போன்ற முயற்சிகளால் அதிகம் மாறியது இந்தக் கலங்குகிற தன்மைதான்.

டாக்டரிடம் போகும்போது "நான் பதறுகிற ஆள்" என்று மட்டும் சொல்லாமல், முன்பு செய்துகொண்டிருந்த எதெல்லாம் நின்றுபோயிருக்கிறது என்று சொல்லுங்கள், முடிந்தால் கூட இருக்கிறவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு வந்தால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.