உண்டியல் காசும் முப்பது நாளும்

திருகோணமலை நிலாவெளியில் ஆறு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் நாலு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இதுதான். இவர் ஒருநாளும் வருமான வரி விபரத்திரட்டு (வருமானக் கணக்கைக் காட்டும் படிவம்) கொடுத்ததில்லை. 2023/2024 மதிப்பீட்டு ஆண்டில் இவருடைய வங்கிக் கணக்கில் விழுந்த 86 லட்சம் முழுவதையும் வருமானம் என்று எடுத்து, 22 லட்சத்து 14 ஆயிரம் ரூபா வரி கட்டச் சொல்லி உள்நாட்டு இறைவரித் திணைக்களம் மதிப்பீட்டு அறிவித்தல் அனுப்பியிருக்கிறது. அதில் 32 லட்சம் கனடாவில் இருக்கிற தம்பி அறை கட்ட அனுப்பிய காசு, 9 லட்சம் சீட்டு எடுத்தது, 6 லட்சம் தன்னுடைய பழைய நிலையான வைப்பு முடிந்து வந்தது, மிச்சம் 39 லட்சம்தான் விடுதி வரவு, அதிலும் 15 லட்சம் செலவாகிவிட்டது என்கிறார். கேள்வி மூன்று: தம்பியிடம் கடன் வாங்கியதாக ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் சரிவருமா, வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடலாமா, அடுத்த வரி மன்னிப்பு வரும்வரை இழுத்தடிக்கலாமா.

மூன்றுக்கும் பதில் 'இல்லை, கூடாது' என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று.

அண்ணன், உங்களுடைய கடிதத்தில், திணைக்களத்துக்கு உங்களைக் காட்டிக்கொடுத்த அயல்வீட்டுக்காரர் ஐந்து இடத்தில் வருகிறார். சுனாமி வருகிறது, 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு காலியாகக் கிடந்த அறைகள் வருகின்றன, கொரோனா வருகிறது, 2022 இல் பெற்றோல் இல்லாமல் புறாத்தீவுக்குப் படகு ஓடாதது வருகிறது, உப்புவெளியில் இருபது அறை வைத்திருப்பவனை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி வருகிறது. அறிவித்தலில் போட்டிருக்கிற திகதி மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. எனக்கு வேண்டியது அந்தத் திகதி ஒன்றுதான். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் நிர்வாக மீளாய்வு, அதாவது மதிப்பீட்டைத் திரும்பப் பாருங்கள் என்று, கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் 86 லட்சமும் உங்கள் வருமானம்தான், அதற்குப் பிறகு கோணேசர் வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது.

நீங்கள் மூன்று தரம் கந்தோருக்குப் போய்க் கதைத்ததையும் ஒரு அதிகாரி எடுத்தெறிந்து பேசியதையும் இன்னொருவர் 'பார்ப்போம்' என்றதையும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். கதைத்தது மீளாய்வு இல்லை. அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லை நம்பி முப்பது நாளையும் கடத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் நல்ல மனசோடும் சொல்லியிருக்கலாம், ஆனால் ஃபைலில் அது இருக்காது. நாள் கடந்திருந்தால் நியாயமான காரணம் காட்டிக் காலநீடிப்புக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், நாட்டில் இருக்கவில்லை என்பதெல்லாம் காரணம். அலுமாரிக்குள் வைத்துவிட்டேன், சீசன் நேரம் என்பது காரணம் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் எண்களையே எடுக்கிறேன். 86 லட்சத்தில் 12 லட்சம் தனிநபர் நிவாரணம் கழித்தால் 74 லட்சம். அந்த ஆண்டின் வீதப்படி முதல் 25 லட்சத்துக்கு ஐந்து ஐந்து லட்சமாக 6, 12, 18, 24, 30 சதவீதம், அது நாலரை லட்சம் ரூபா. மிச்சம் 49 லட்சத்துக்கு 36 சதவீதம். கூட்டினால் 22 லட்சத்து 14 ஆயிரம். ஆக அவர்கள் கணக்கில் பிழை விடவில்லை. நீங்கள் வாய் திறக்காததால் வங்கிக் கூற்றில் இருந்ததை அப்படியே எடுத்திருக்கிறார்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மதிப்பீடு கூடிப்போனது என்று நிரூபிக்கிற பாரம் உங்களுடையது, அவர்களுடையது இல்லை.

நீங்கள் சொல்வது முழுக்க நிரூபணமானால் 39 லட்சத்தில் 15 போய் 24, நிவாரணம் 12 போய் 12 லட்சம். வரி 1 லட்சத்து 26 ஆயிரம். 22 லட்சம் எங்கே, இது எங்கே! பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் உற்சாகமாகிப் பிழை விடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஓரத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்னதாக ஒரு வசனம் இருக்கிறது: தம்பியின் 32 லட்சத்தில் 11 லட்சம் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாறி, வந்ததாம். இந்த வழக்கே அந்த வசனம்தான். வங்கி ஊடாக வந்த 21 லட்சத்துக்குப் பயமில்லை, வெளிநாட்டில் இருந்து வந்த பணம் என்று வங்கியே கடிதம் தரும், தம்பி அங்கே அனுப்பியதற்கான கூற்றை அனுப்புவார், அறை கட்டிய சீமெந்து, கம்பி பில்லுகளும் இருந்தால் இன்னும் நல்லது. (தம்பிக்கு இலாபத்தில் பங்கு கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தால் கதை வேறு, வந்து சொல்லுங்கள்.) உண்டியல் காசு அப்படி இல்லை. யாரோ ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து பையில் தந்துவிட்டுப் போன காசை நீங்கள் இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என்று பிரித்துப் பிரித்து வங்கியில் போட்டிருக்கிறீர்கள். பத்து லட்சமும் அதற்கு மேலும் காசாகப் போட்டால் வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் பிரித்துப் போட்டது அதைத் தெரிந்து செய்தது போலவே இருக்கும், தெரியாமல் செய்திருந்தாலும்.

இப்போது அந்தச் சத்தியக் கடதாசி. யாரோ உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், யார் என்று கேட்க மாட்டேன், எல்லாச் சந்தியிலும் ஒருவர் இருக்கிறார். இதே வேலையைச் செய்த ஒருவருக்காக நான் நின்றிருக்கிறேன். அவருடைய காசு 8 லட்சம். 2023 மாசியில் மாமாவிடம் கைமாற்றாக வாங்கினேன் என்று அதே மாதத் திகதி போட்ட ஒரு கடிதம், மாமாவின் கையெழுத்து, சமாதான நீதவானின் முத்திரை எல்லாம் கச்சிதம். அதிகாரி கடிதத்தை வாசிக்கவே இல்லை. முத்திரையை மட்டும் பார்த்தார். அந்த நீதவானுக்கு நியமனம் கிடைத்ததே 2024 இல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை, வங்கியால் நிரூபிக்கக்கூடிய பணத்துக்கும் பத்துக் கேள்வி வந்தது, முந்தின ஆண்டுகளின் கணக்கையும் திறந்தார்கள்.

ஏன் திறக்க முடிந்தது என்றால், விபரத்திரட்டு ஒழுங்காகக் கொடுத்தவருடைய மதிப்பீட்டைத் திருத்த அவர்களுக்கு 30 மாதம்தான் இருக்கிறது. மோசடி என்று வந்துவிட்டால் காலவரையறையே இல்லை. தண்டப்பணமும் மாறும். பொய்க் கூற்றால் வரி குறைந்திருந்தால் குறைந்த தொகையில் 25 சதவீதம், அந்தக் குறைவு கட்டவேண்டிய வரியில் கால்வாசியைத் தாண்டினால் 75 சதவீதம். வேண்டுமென்றே ஏய்த்ததாக நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு கோடி ரூபா வரை அபராதம், இரண்டு வருடம் வரை மறியல், அல்லது இரண்டும். இதுவரைக்கும் நீங்கள் வரி கட்டாத மனிதர் மட்டும்தான். அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் இருந்து நீங்கள் வேறு ஆள். தம்பியையும் சேர்த்து இழுத்துவிடுகிறீர்கள், பாவம், அவன் ரொறொன்ரோவில் இரண்டு வேலை செய்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்த 11 லட்சத்துக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். மீளாய்வு மனுவில் பொய் ஒன்றும் எழுத வேண்டாம், மூலத்துக்கு ஆவணம் காட்ட முடியவில்லை, ஆகையால் இந்தத் தொகையை எதிர்த்து வாதாடவில்லை என்று எழுதுவோம். கையில் காசு வந்தது எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை நேரில் கதைப்போம், எழுத்தில் வேண்டாம். அப்படி விட்டால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தில் இருந்து 23 லட்சமாகும், வரி 3 லட்சத்து 90 ஆயிரம். வயிறு எரியும், எனக்குத் தெரியும், தம்பி பனியில் நின்று உழைத்த காசுக்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள். இருந்தாலும் 22 லட்சத்தில் இருந்து 4 லட்சத்துக்கும் கீழே வருகிறோம், ஒரு பொய்யும் சொல்லாமல்.

அதோடு முடியாது. விபரத்திரட்டை 2024 நவம்பர் 30 க்குள் கொடுத்திருக்க வேண்டும். பிந்தியதற்குத் தண்டம் இரண்டு விதமாகக் கணக்கிட்டு எது பெரிதோ அதைப் போடுவார்கள்: ஒன்று, வரியில் 5 சதவீதமும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதமும். மற்றது, 50 ஆயிரமும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10 ஆயிரமும். உச்சம் 4 லட்சம். உங்களைப் போன்ற சின்ன வருமானக்காரருக்கு எப்போதும் இரண்டாவதுதான் பெரிது. 18 மாதம் பிந்தினால் 2 லட்சத்து 30 ஆயிரம். வரி கட்டாததற்கு 20 சதவீதம் தனியாக, அதற்கு மேல் மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி. நீங்கள் அயல்வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மாதமும் பத்தாயிரம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனபடியால் மீளாய்வு மனுவோடு சேர்த்து விபரத்திரட்டையும் இணையத்தில் போட்டு, ஒத்துக்கொள்கிற வரியில் முடிந்ததை இப்போதே கட்டி, மிச்சத்துக்குத் தவணை கேட்போம். தண்டத்தைக் குறைக்கச் சொல்லி எழுதுவோம். கட்டத் தொடங்கிய ஆள் கேட்பதற்கும் கட்டாத ஆள் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வைப்புக் காசு 6 லட்சத்துக்கு வங்கிக் கடிதம் ஒன்று போதும். அதன் வட்டியில் 5 சதவீதம் கழித்துவிட்டார்கள், அத்தோடு சரி என்று நினைக்காதீர்கள், வட்டியும் வருமானம், கழித்ததை வரவு வைக்கலாம், அவ்வளவுதான். அந்த வட்டியை மேலே உள்ள கணக்கில் நான் சேர்க்கவில்லை. சீட்டுக்கு, சீட்டுப் பிடித்த அக்காவின் கொப்பி வேண்டும். யார் யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பெயருக்கு நேரே எந்த மாதம் சீட்டு எடுத்தது என்று மைப் பேனாவில் எழுதின பழைய கொப்பி. புதுக் கொப்பியில் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிக் கொண்டுவர வேண்டாம், எனக்கே கண்டுபிடிக்கத் தெரியும். சமையல்காரருக்கும் அறை துடைக்கிற பிள்ளைக்கும் கையில் கொடுத்த சம்பளத்துக்குக் கையெழுத்து இருக்கிறதா? இல்லை என்றால் 15 லட்சம் செலவு 15 லட்சமாக நிற்காது, இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டை மகளுக்கு எழுதுகிற யோசனை. அறிவித்தல் வந்த பிறகு எழுதுகிற நன்கொடை உறுதி, வரிக்குப் பயந்து சொத்தை ஒளித்தார் என்பதற்கு நீங்களே பதிவு செய்து கொடுக்கிற சாட்சி. காணிப் பதிவகத்தில் போய்ப் பார்க்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம். மகளின் கல்யாணம் ஆவணியில் என்கிறீர்கள், மாப்பிள்ளை வீட்டார் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கேட்கிறார்கள் என்றால் உள்ளதைச் சொல்லி இரண்டு மாதம் தவணை கேளுங்கள். திணைக்களம் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பிக் கணக்கில் இருக்கிற காசை நேரே எடுக்கலாம். சீசன் தொடங்கி வெள்ளைக்காரர் வந்து நிற்கிற நேரத்தில் கணக்கு முடங்கிப்போனால் மீன்காரனுக்குக் கொடுக்கவும் காசு இருக்காது. அதுதான் நீங்கள் பயப்பட வேண்டிய காரியம், வீடு இல்லை.

வரி மன்னிப்பு பற்றி இரண்டு வசனம். 2021 இல் நிதிச் சட்டத்தின் கீழ் ஒரு சதவீதம் கட்டி வெளிப்படுத்தலாம் என்று ஒன்று வந்தது, போய்விட்டது. அப்படி இன்னொன்று வரும் என்று மாதம் பத்தாயிரம் கட்டிப் பந்தயம் பிடிக்கிற அளவுக்கு உங்களிடம் காசு இல்லை.

மற்ற ஆண்டுகள்? 2020 தையில் இருந்து 2022 கடைசி வரை நிவாரணம் ஆண்டுக்கு 30 லட்சம். உங்கள் அளவுக்கு அந்தக் காலத்தில் அநேகமாக வரி வந்திருக்காது, கொரோனாவும் பெற்றோல் வரிசையும் உங்களுக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான். 2023 தைக்குப் பிறகு 12 லட்சம், 2025 சித்திரையில் இருந்து 18 லட்சம். 2024/2025 விபரத்திரட்டும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன், அவர்கள் கேட்க முதல் அதையும் கொடுத்துவிடுவோம்.

திங்கட்கிழமை வாருங்கள். அறிவித்தலைக் கொண்டுவாருங்கள், அது வந்த பழுப்பு உறையையும் கொண்டுவாருங்கள், தபால் முத்திரை வேண்டும். மகள் உறையைக் கிழித்து எறிந்துவிட்டாள் என்றால், பதிவுத்தபாலுக்கு எந்த நாளில் கையெழுத்து வைத்தீர்கள் என்று நிலாவெளித் தபால்கந்தோரில் கேட்டுக்கொண்டு வாருங்கள். அயல்வீட்டுக்காரரின் கதையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.