கோரைப்பல் இருந்தால் அசைவமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி சமைக்க மாட்டோம். ஏழு வயது மகன் அதைப் பிடித்துக்கொண்டு எந்த மிருகத்தைப் பார்த்தாலும் சைவமா அசைவமா என்கிறான். ஹெட்டெரோடோண்டோசாரஸ் என்ற டைனோசரின் படத்தில் கோரைப்பல்லைப் பார்த்துவிட்டு, அது தாவரம் தின்னும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது பொய்யாம். மண்டை ஓட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?"

உண்டு, ஆனால் கோரைப்பல்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்ம செயின்ட் லூசியா கழிமுகத்தில் படகில் போனால் நீர்யானை வாயைப் பிளப்பதைக் காட்டுங்கள். அந்தக் கோரைப்பல் அரை மீட்டர் வரைகூட வளரும், ஆனாலும் ராத்திரி கரையேறி மேய்வது புல்லைத்தான். அந்தக் கோரைப்பல்லெல்லாம் சண்டைக்கு.

பார்க்க வேண்டியது கடைவாய். ஹெட்டெரோடோண்டோசாரஸ் நம்ம ஊர்க்காரர், தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப்பில் கிடைத்து 1962-இல் பெயர் வைக்கப்பட்டது, சுமார் 20 கோடி ஆண்டுப் பழசு. அதன் முன்வாயில் அலகு, அப்புறம் கோரைப்பல், அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கியடித்த கடைவாய்ப் பற்கள். அவற்றின் முகம் உளி போலச் சாய்வாகத் தேய்ந்திருக்கும், நார்நாரான இலையை அரைத்து அரைத்து வந்த தேய்மானம். மாமிசம் தின்னும் டைனோசருக்குப் பெரும்பாலும் முன்னாலிருந்து பின்வரை ஒரே மாதிரிப் பல்தான்: பின்னோக்கி வளைந்து, விளிம்பில் ரம்பம் மாதிரி நுண்ணிய பற்களோடு இருக்கும், கிழிக்க மட்டுமே உதவும். தாடை மூட்டையும் பாருங்கள். பல்வரிசைக்கு நேராக இருந்தால் பெரும்பாலும் வெட்டும் தாடை. மேலே அல்லது கீழே விலகியிருந்தால் பற்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து அழுத்தும், அது அரைப்பதற்கு வசதி.

அப்படியானால் கோரைப்பல் எதற்கு? சண்டைக்கா, கிழங்கு தோண்டவா, அவ்வப்போது பூச்சி பிடிக்கவா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், உங்கள் பையனையும் அந்தக் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வயிற்றில் கல் இருந்தால் தாவரம்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊட்ஸ்ஹோர்ன் பண்ணைத் தீக்கோழி இலையை அரைக்கக் கல் விழுங்கும், சரி, முதலையும்தான் விழுங்குகிறது.

இன்னொன்று, இந்த இரண்டு பெட்டிக்குள் எல்லாம் அடங்காது. க்ரூகர் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கி பழைய எலும்பை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேரலாம். இலையில் போதாத பாஸ்பரஸுக்கும் கால்சியத்துக்கும் அதுதான் வழி. இதைப் பார்த்தால் பையன் எந்தப் பட்டியலில் எழுதுவான் என்று எனக்கும் எழுதுங்கள்.