மலைக்குப் போயி டென்ட்டை வரையறதா?

வணக்கம் சார்,

போன வாரம் நீங்க எழுதினதைப் படிச்சிட்டு, அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1916ல கனடா ராக்கீஸ் மலையில கேம்ப் போட்டு வரைஞ்ச வாட்டர்கலரை எல்லாம் தேடிப் பார்த்தேன். சுத்தி அவ்ளோ மலை, பனி, ஏரி... இந்த மனுஷன் டென்ட்டை வரைஞ்சு வெச்சிருக்காரு. இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? அப்புறம், வெளியில போயி வரைய எந்த பேப்பர் வாங்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

மலையை அவர் விட்டுடல. அங்க இருக்கற ஓஹாரா ஏரி, யோஹோ அருவி ரெண்டையும் ஆயில் பெயிண்ட்ல வரைஞ்சாரு. ஆனா அப்போ அவருக்கு 60 வயசு, போன இடத்துல மழையும் பனியும். சொந்தக்காரங்களுக்குப் போட்ட லெட்டர்ல பொலம்பித் தள்ளியிருக்காரு: டென்ட்டுக்குள்ள வெள்ளம், பூட்ஸ்ல காளான் மொளைக்குது, துணிக்குள்ள முள்ளம்பன்றி வந்து படுத்துக்குது, தினமும் அதே கருப்பு வாணலியில வறுத்த டின் சாப்பாடு, எந்த அருவியைப் பாக்க வந்தாரோ அது ராத்திரி பூரா இடி மாதிரி சத்தம். இப்படி மூணு வாரம் தாக்குப் பிடிச்சு ஒரு படத்தோட கிளம்பினாராம், அதுவும் அவருக்கே சகிக்கலையாம்!

மலை மேகத்துக்குள்ள போயிட்டா கண்ணு முன்னாடி மிச்சம் இருக்கறது டென்ட்தானே. ஆனா அதை வேற வழியில்லாம வரைஞ்சதுன்னு நான் நினைக்கல, ஏன்னா வாட்டர்கலர்ல வெள்ளைத் துணி மாதிரி கஷ்டமான விஷயம் கம்மி. வெள்ளைக்குன்னு தனியா பெயிண்ட் பூசறது வழக்கமில்ல, பேப்பர்தான் வெள்ளை, அதை விட்டு வைக்கணும், ஒரு தடவை கை தவறினா போச்சு. அதுவும் டென்ட் துணி முழு வெள்ளையா எங்க இருக்கு? நிழல் பக்கம் வானத்தோட நீலம் ஏறியிருக்கும், தரையை ஒட்டி புல்லோட பச்சை லேசா அடிக்கும், வெயில் ஊடுருவற இடத்துல மஞ்சளா ஒரு சூடு. பனி மலையை வரையறதும் இதே கணக்குதான், அதனால மலை கிடைக்கலன்னு நீங்க வருத்தப்படறதுல எனக்கு உடன்பாடில்ல.

நானும் ஒரு தடவை குளிர்ல இதை ட்ரை பண்ணி அசிங்கப்பட்டேன். முதல் வாஷ், அதாவது தண்ணி நிறைய கலந்து பூசற மெல்லிய கலர், அரை மணி நேரம் ஆகியும் காயல, பொறுமை இல்லாம மேல இன்னொரு கலர் வெச்சேன், அது ஓடிப் போயி ஓரம் எல்லாம் காலிஃப்ளவர் மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. டென்ட்டுக்குப் பதிலா ஏதோ அழுக்கு மூட்டை வந்துச்சு.

அந்தப் படங்களை இன்னொரு தடவை ஜூம் பண்ணிப் பாருங்க, மலையை விட்டுட்டு துணியில எங்கெல்லாம் பெயிண்டே படாம விட்டிருக்காருன்னு மட்டும் தேடுங்க.

பேப்பர்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் பேப்பர், தாள்களை அடுக்கி ஓரம் ஒட்டின ப்ளாக்கா வாங்குங்க. அதுக்குக் கம்மியா எடுத்தா ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி வளைஞ்சிடும்.