கட்டடம் பிறகு வரட்டும், முதலில் ஓர் ஆளை அமர்த்துங்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியின் அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறது. எங்கள் இருளர் குடியிருப்பு ஏரிக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ளது. 55 வீடுகள், ஆறு வயதுக்குக் கீழ் 22 குழந்தைகள். மையத்துக்குப் போவது நான்கைந்து பேர்தான். தை பிறந்தால் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் குழந்தைகளுக்காக 3 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். தனியாக ஒரு நர்சரி கட்டலாமா?
– மகளிர் குழுத் தலைவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கட்ட வேண்டாம். 3 லட்சத்தில் ஓர் அறை எழும்பும். அதற்குள் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் மிஞ்சாது. அந்தப் பணத்தை ஆளுக்கே செலவழியுங்கள்.

உங்கள் குடியிருப்பிலேயே பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். காலையில் பிள்ளைகளை ஒன்றுசேர்த்து மையத்துக்கு அழைத்துச் செல்வதும், அங்கேயே அரை நாள் இருந்து ஆட்டம், பாட்டு, கதை என்று கற்றுக்கொடுப்பதும், திரும்ப அழைத்து வருவதும் அவர் வேலை. மாதம் 6,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 72,000. நான்கு ஆண்டுகளுக்கு 2,88,000 ஆகும். மீதியில் விளையாட்டுப் பொருள்கள் வாங்கலாம். மூன்று வயதுப் பிள்ளையால் இரண்டு கிலோமீட்டர் நடக்க முடியாது என்பதால், போக வர ஷேர் ஆட்டோவுக்கு ஊராட்சியிடமோ வேறு நன்கொடையாளரிடமோ இப்போதே கேட்டு வையுங்கள்.

இரண்டாவது ஆள் எதற்கு என்று அதிகாரிகள் கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, பாதி மையங்களில் மட்டும் அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்த ஆய்வு இருக்கிறது. அந்த மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. காரணம் எளிது. பதிவேடு, மையத்தின் விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலி, எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது என்று ஒரே பணியாளர் அல்லாடுகிறார். கற்பிக்க அவருக்கு ஏது நேரம்?

வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள். அரசு வேலை கோர மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடமும் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மனக்கசப்பு வராது.

ஒன்றைத் தயக்கமில்லாமல் கேட்கிறேன். தூரம் மட்டும்தான் காரணமா? மையத்தில் உங்கள் பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்கிறார்களா, தட்டைத் தனியாக வைக்கிறார்களா என்று தாய்மார்களிடம் பேசிப் பாருங்கள். அப்படி இருந்தால் அது குற்றம். ஆட்சியர் வரை கொண்டுசெல்ல வேண்டிய விஷயம். உங்கள் குடியிருப்புப் பெண் ஒருவர் தினமும் அந்த அறைக்குள் இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய துணிச்சலைத் தரும்.

இந்த ஏற்பாடு மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கானது. எனக்கு அதிகக் கவலை கைக்குழந்தைகளைப் பற்றித்தான். மூளை வேகமாக வளர்வதும், ஊட்டக்குறைவு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான முதல் ஆயிரம் நாட்களில். அந்த வயதில் நர்சரியால் பயனில்லை. தாயும் பாட்டியும்தான் பள்ளிக்கூடம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் போய், குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று இரண்டு ஆண்டுகள் தாய்க்குச் செய்துகாட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளின் வருமானம், அந்த வருகை கிடைக்காத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒடிசா கிராமங்களில் இதையே தாய்மார்களைக் குழுவாக உட்காரவைத்துச் செய்தபோது பலன் குறையவில்லை, செலவு வெகுவாகக் குறைந்தது.

உங்கள் மகளிர் குழுக் கூட்ட நாளிலேயே ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் கூழாங்கல் போட்ட கிலுகிலுப்பை, துணிப்பந்து, பழைய காலண்டர் படங்கள் போதும். குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவது, அது எழுப்பும் ஒலிக்குப் பதில் கொடுப்பது, ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியான உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டுவது ஆகியவற்றைச் செய்துகாட்ட வேண்டும். மையத்தில் தரும் சத்துமாவு வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறதா என்றும் கேளுங்கள். பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். தாய் வேலைக்குப் போனால் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் இது தெரிய வேண்டும். அந்த ஆள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பத்து வயது அக்காவாக இருந்தால், இரண்டு குழந்தைகளின் எதிர்காலம் பறிபோகிறது.

மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அத்தகைய குழந்தைக்கு அங்கன்வாடி தர வேண்டிய உணவு நாளுக்கு 800 கலோரி, மற்றவர்களுக்கு 500. இது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. கேட்டு வாங்கலாம்.

சூளைக்குப் போகும் குடும்பங்களுக்கும் அந்த உரிமை கூடவே போகிறது. சூளைக்கு அருகிலுள்ள அங்கன்வாடியில் பதிவை மாற்றித் தரச் சொல்லுங்கள். தாயின் ஆதார் போதும். குழந்தைக்கு ஆதார் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே எந்தக் குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்று எழுதிவைத்துக்கொண்டால், அங்கே யாரிடம் பேசுவது என்பது தெரியும்.

இனி, குடியிருப்புக்கே ஒரு மையம் கேட்பது பற்றி. 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்பது 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. உங்களிடம் இருப்பது 22 குழந்தைகள், ஆகவே அதை நம்பி மனு எழுத வேண்டாம். பழங்குடிப் பகுதியில் பெரியவர்களையும் சேர்த்து மக்கள்தொகை 150 இருந்தாலே குறு அங்கன்வாடி கேட்கலாம் என்ற அளவுகோலை எழுதுங்கள். 55 வீடுகளில் அந்த எண்ணிக்கை தாராளமாகத் தேறும். இருளர், தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளில் ஒரு பிரிவினர். அவர்களுக்கென 2023இல் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில் அங்கன்வாடிகளும் உண்டு. உங்கள் குடியிருப்பின் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்டத் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் கொண்ட பட்டியலை மனுவோடு இணையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். புதிய மையத்துக்கு அனுமதி வர நாளாகலாம். அதற்காக அந்தப் பெண்ணை அமர்த்துவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணம் தருபவர் கட்டடத்தைத்தான் விரும்புகிறார் என்றால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை பிள்ளைகள் மையத்துக்கு வந்தார்கள், யாருடைய எடை ஏறியது, யாருடையது ஏறவில்லை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புவதாகச் சொல்லுங்கள். நான்காவது ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண்ணின் ஊதியத்தை ஊராட்சியோ அரசோ ஏற்கும்படி கேட்கவும் அந்தத் தாள்கள்தான் உங்களுக்கு ஆதாரம்.